கோயிலிலிருந்து தெற்கே இரண்டு தடவை

நீங்கள் ஒரு கோயிலுக்குள் நிற்கிறீர்கள். கீபோர்டில் ‘எஸ்’ தட்டி என்டரை அழுத்தினால் கோயில் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். இன்னொரு ‘எஸ்’ தட்டினால் சந்தைச் சதுக்கம். ஊரின் பெயர் மிட்கார்ட். போகிற இடத்துக்கெல்லாம் நாலைந்து வரியில் வர்ணனை வரும். எந்தெந்தப் பக்கம் வழி இருக்கிறது, யார் நிற்கிறார்கள், தரையில் என்ன கிடக்கிறது என்று அதன் கீழே எழுதியிருக்கும். ஊர் என்றால் அவ்வளவுதான். பெயருக்குக்கூட ஒரு படம் கிடையாது.

இந்த ஊரை 1990-91-இல் டென்மார்க்கில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறையில் ஐந்து பேர் சேர்ந்து கட்டினார்கள். துறையின் பெயரையே சுருக்கிப் புரோகிராமுக்கு டிக்குமட் என்று வைத்தார்கள். இதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது, எங்கள் பெயரை எடுத்துவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். எங்கெங்கோ இருந்த கல்லூரி மாணவர்கள் அதை இறக்கித் தங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். காட்டையும் மலையையும் தங்கள் இஷ்டத்துக்குச் சேர்த்தவர்கள்கூடப் பல பேர் மிட்கார்டை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் நூற்றுக்கணக்கான சர்வர்களில் ஒரே கோயில், ஒரே சந்தை. ஒன்றில் நடக்கப் பழகியவன் இன்னொன்றில் வழி கேட்க வேண்டியதில்லை.

எனக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைவிட மிட்கார்ட் நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை இடம் மாறிக்கொண்டே இருக்கும்; நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திண்டுக்கல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, மறுநாள் பாடத்தை மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டுவேன். அந்த நேரத்தில் அமெரிக்காக்காரர்களுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை. இங்கிலாந்துக்காரர்கள் ஆபீசிலிருந்து கிளம்புகிறார்கள். எங்கள் கூட்டம் சேர அதுதான் தோதான நேரம். இப்போது நான் விளையாடும் உலகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே என்னை ‘சார்’ என்று கூப்பிட ஆள் கிடையாது. அது அப்படியே இருக்கட்டும்.

இந்த வகை விளையாட்டுகளுக்குப் பொதுப் பெயர் மட். பல பேர் ஒரே நேரத்தில் நுழையும் நிலவறை என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். நான் சந்தையில் ஒரு வாளைக் கீழே போட்டால் கனடாவில் இருப்பவர் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம். ‘சே’ என்று தொடங்கி ஏதாவது எழுதினால் அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கும். ‘டெல்’ போட்டு ஆள் பெயரை எழுதினால் அவருக்கு மட்டும். ‘எமோட்’ போட்டு ‘தாடியைத் தடவுகிறார்’ என்று எழுதினால் என் பாத்திரத்தின் பெயரோடு சேர்ந்து அந்த வரி சுற்றியிருப்பவர்களுக்குப் போகும். பன்றியை அடிப்பது, கதவைத் திறப்பது, ரொட்டி தின்பது, தூங்குவது எல்லாமே இப்படி ஒன்றிரண்டு ஆங்கிலச் சொல்தான். சர்வரும் பதிலுக்கு எழுத்தைத்தான் அனுப்பும். போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு இருக்கும் இடத்திலும் விளையாட்டு ஓடும்.

‘லுக்’ என்று தட்டினால் நிற்கும் இடத்தின் வர்ணனை மறுபடி வரும். எனக்கு வருகிற அதே ஐந்து வரிதான் ஆறுக்கு ஆறு பார்வை உள்ளவருக்கும். பாலத்துக்கு அடியில் திருடன் ஒளிந்திருப்பது வரியில் இல்லையென்றால் அவருக்கும் தெரியாது. இத்தனை வருஷமாக என்னை அங்கே பிடித்து வைத்திருப்பது இந்தச் சங்கதிதான்.

இந்த மட்களுக்கெல்லாம் பூர்வீகம் இங்கிலாந்தின் கொல்செஸ்டரில் இருக்கும் எசெக்ஸ் பல்கலைக்கழகம். எழுத்து விளையாட்டு அதற்கு முன்பே உண்டு. அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்ற புரோகிராமர், கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் தான் இறங்கித் திரிந்ததை வைத்து 1970-களின் நடுவில் ஒரு குகை விளையாட்டை எழுதினார். 1977-இல் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். எம்ஐடியில் சில பேர் சேர்ந்து ‘ஜோர்க்’ எழுதினார்கள். எல்லாம் ஒற்றை ஆள் விளையாட்டு. குகைக்குள் தனியாகத்தான் போக வேண்டும், தனியாகத்தான் சாக வேண்டும்.

எசெக்ஸில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் இருந்தார். அங்கே இருந்த பிடிபி-10 என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பல மாணவர்கள் வேலை செய்வார்கள். ஒவ்வொருவர் புரோகிராமும் தனக்கு ஒதுக்கிய நினைவகத்துக்குள் அடங்கிக் கிடக்கும்; பக்கத்து டெர்மினலில் நடப்பது அதற்குத் தெரியாது. இரண்டு பேருடைய புரோகிராமும் ஒரே நினைவகப் பகுதியில் எழுதவும் படிக்கவும் வழி இருக்கிறது என்று ட்ரப்ஷா 1978-ன் கடைசி மாதங்களில் கண்டுபிடித்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியும் என்றால், ஒருவர் திறந்த கதவு இன்னொருவருக்கும் திறந்திருக்கும்; ஒருவர் தூக்கிப் போன விளக்கு இன்னொருவருக்கு இருக்காது. குகை பொதுச் சொத்தாகிவிட்டது.

முதலில் எழுதியது சோதனைக்கு. அடுத்ததை அசெம்பிளி மொழியில் எழுதினார். அது வளர வளர யாரும் கை வைக்க முடியாதபடி சிக்கலாகிப் போனது. பிசிபிஎல் மொழியில் மூன்றாவதைத் தொடங்கி, 1980-இல் படிப்பு முடிந்து கிளம்பும்போது கூட உழைத்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் பார்ட்டிலிடம் ஒப்படைத்தார். அந்த உலகத்தின் பெரும்பகுதியைக் கட்டி முடித்தவர் பார்ட்டில்தான். புதையலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து ஒரு சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளி. புள்ளி சேரச் சேரப் பட்டம் உயரும். உச்சிக்குப் போனவர் மந்திரவாதி. மற்ற ஆட்டக்காரர்களை ஆட்டி வைக்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடும். சண்டையில் செத்தால் பாத்திரமே அழிந்து போகும். மாதக்கணக்கில் சேர்த்த புள்ளி ஒரு நிமிடத்தில் போய்விடும். மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வெளியாட்களும் மோடம் வழியாக உள்ளே வரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்தது. ஆனால் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் ராத்திரி வேளையில்தான். நிமிடக் கணக்கில் போன் கட்டணம் கட்டிக்கொண்டு, கண்விழித்து வந்தவர்கள் இருந்தார்கள். நானும் ஆசிரியர் என்பதால் எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் ஒரு மரியாதை. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றுக்காக ராத்திரி இரண்டு மணிக்கு லேப் வேண்டும் என்று நம் கல்லூரியில் யாராவது கேட்டால் வாட்ச்மேனே விரட்டிவிடுவார்.

இந்தப் பார்ட்டில் பின்னாளில், 1996-இல், ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். புள்ளியும் பட்டமும் சேர்ப்பவர்கள், மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்ப்பவர்கள், பேசிப் பழக வருபவர்கள், அடுத்தவரைச் சீண்டிக் கொல்வதில் சந்தோஷப்படுபவர்கள். விளையாட்டு வடிவமைக்கிறவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். நான் இரண்டாம் வகை. ஒரு மலையடிவாரத்தில் எந்தப் பக்கமும் வழியில்லை என்று எழுதியிருந்தால் ‘புதரைப் பார்’, ‘பாறையைப் பார்’ என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். எங்கள் குழுவில் ஒரு போலந்துக்காரர் நாலாம் வகை. அவருக்குப் பேச்சே பிடிக்காது. ஆபத்து என்றால் முதலில் வந்து நிற்பவரும் அவர்தான்.

எசெக்ஸுக்குப் பிறகு கிளைகள் வேகமாகப் பிரிந்தன. வேல்ஸில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஆலன் காக்ஸ் 1987-இல் அபெர்மட் எழுதினார். பின்னால் லினக்ஸ் உலகத்தில் பெரிய பெயர் எடுத்த அதே காக்ஸ். ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷோ 1989-இல் எழுதிய எல்பிமட்டில், விளையாடித் தேர்ந்தவர்கள் உலகத்தைத் தாங்களே புரோகிராம் எழுதி விரிக்கலாம். டெர்ரி பிராட்செட்டின் நாவல்களை வைத்து இன்றும் ஓடுகிற டிஸ்க்வேர்ல்ட் மட் அந்த வழியில் வந்ததுதான். டென்மார்க்காரர்களின் டிக்கு அபெர்மட்டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது.

டிக்கு உலகத்தின் கடிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நம்முடைய 75 விநாடி அங்கே ஒரு மணி நேரம். அரை மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும். மாதத்துக்கு 35 நாள், வருஷத்துக்கு 17 மாதம். நம் கணக்கில் பன்னிரண்டு நாளும் சில மணி நேரமும் போனால் அங்கே ஒரு வருஷம். சண்டையில் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சுற்று: நீங்கள் ஒரு வெட்டு, அது ஒரு கடி. அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் படித்து, யோசித்து, தட்ட வேண்டும். செத்து விழுந்த பூதம் சிறிது நேரத்தில் அதே குகையில் மறுபடி நிற்கும். அது பாட்டுக்கு அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும்.

டிக்குவில் ‘பிளைண்ட்னஸ்’ என்று ஒரு மந்திரம் உண்டு. எதிரி அதைப் போட்டுவிட்டால் ‘லுக்’ தட்டினாலும் வர்ணனை வராது. உனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வரிதான் வரும். முதல் தடவை அது என் மேல் விழுந்தபோது நான் போட்ட சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டாள். குருமார் வகுப்பில் இருப்பவர்களிடம் இதற்கு மாற்று மந்திரம் இருக்கிறது. ஒருவர் போட்டார். “பார்வை திரும்பிவிட்டது” என்று வந்தது. பழநிக்கு அம்மா எத்தனையோ தடவை வேண்டிக்கொண்ட காரியம். நியூசிலாந்துக்காரர் ஒருவர் ஓசியில் முடித்துவிட்டார்.

அடிதடியே வேண்டாம், உட்கார்ந்து பேசினால் போதும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1989-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட்டில் பட்டத்துக்காக அலைகிற வேலை கிடையாது. உள்ளே வந்தவர் எவரும் தன் பங்குக்கு ஓர் அறையை எழுதிச் சேர்க்கலாம். அந்த வழியில் வந்ததுதான் லாம்ப்டாமூ. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கியது. தான் குடியிருந்த வீட்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். புதிதாக வருபவர் முதலில் நிற்பது கோட்டு மாட்டி வைக்கும் ஓர் இருட்டறைக்குள். தொங்கும் கோட்டுகளும் கீழே கிடக்கும் பூட்ஸும் தூங்கும் ஆட்களும் மேலே இடிப்பார்கள். கதவைத் திறந்தால் ஹால். தூங்குபவர்கள் எல்லாம் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போன ஆட்டக்காரர்கள். இருட்டில் தடவித் தடவித்தான் எல்லோரும் தொடங்க வேண்டும் என்று வைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த ஹாலில் 1993 மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி நடந்ததை வைத்து வக்கீல்களும் பேராசிரியர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் இருந்த ஒருவன் சூனியப் பொம்மை என்று ஒரு சின்ன புரோகிராமை எடுத்து வந்தான். அடுத்தவர் பாத்திரம் செய்யாததைச் செய்ததாக வரி எழுதுவது அதன் வேலை. அங்கே இருந்தவர்களின் பாத்திரங்களைப் பாலியல் வதைக்கு ஆளாக்கி, வரி வரியாக எல்லோர் திரையிலும் ஓடவிட்டான். ஹாலைவிட்டு விரட்டியும் வேறோர் அறையிலிருந்து தொடர்ந்தான். பழைய ஆட்டக்காரர் ஒருவர் வந்து அவனைக் கூண்டில் அடைத்த பிறகுதான் அடங்கியது.

சங்கடம் என்னவென்றால், ஆட்டக்காரர்களுக்குள் வரும் தகராறில் இனி தலையிட மாட்டோம் என்று நிர்வாகிகள் சில மாதம் முன்புதான் அறிவித்திருந்தார்கள். அவனை அழித்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி, அந்த அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு கட்சி. கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசினார்கள், முடிவு வரவில்லை. கடைசியில் நிர்வாகி ஒருவர் யாரையும் கேட்காமல் அவன் கணக்கை நீக்கிவிட்டார். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய கர்ட்டிஸ், இனி ஆட்டக்காரர்கள் மனு போடலாம், அதை வாக்கெடுப்புக்கு விடலாம், தேறினால் நிர்வாகிகள் நிறைவேற்ற வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஜூலியன் டிப்பல் என்ற பத்திரிகையாளர் அந்த டிசம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழில் இதை எழுதினார். அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள்: வெறும் எழுத்துதானே, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மொட்டைக் கடுதாசி வந்த வீட்டில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு படம் வந்தது. 1997-இல் அல்டிமா ஆன்லைன். அதன் முக்கிய வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர், லெஜண்ட்மட் என்ற எழுத்து உலகத்தைக் கட்டியவர்களில் ஒருவர். 1999-இல் எவர்க்வெஸ்ட். விளையாடும் முறை டிக்குவை அப்படியே உரித்து வைத்திருந்ததால், அதன் புரோகிராமிலிருந்து ஒரு வரியும் எடுக்கவில்லை என்று எவர்க்வெஸ்ட்காரர்கள் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்ததும் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டையைப் பார்க்க முடியும் என்றால் யார்தான் கோட்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பார்கள்?

மிச்சமிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், பழகிய ஊரைவிட்டுப் போக மனமில்லாத பழையவர்கள். பாத்திரமாகவே மாறி வசனம் எழுதுவதில் ருசி கண்டவர்கள். எங்களைப் போலக் கண் தெரியாதவர்கள். 1997-இல் தொடங்கிய அக்கேயா போன்ற சில உலகங்கள் விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே ஆயுதமும் சலுகையும் விற்றுப் பிழைக்கின்றன. இன்று போனில் வரும் விளையாட்டுகள் நம் பையில் கைவிடும் அதே வழி. பெரும்பாலானவை சொந்தக் காசில், ஆர்வத்தில் ஓடுபவை. 1995 முதல் ஓடும் ஆல்டர் ஏயான், கண் தெரியாத ஆட்டக்காரர்கள் அதிகம் என்பதற்காகவே எங்கள் வட்டாரத்தில் பேர் வாங்கியது.

எங்களால் எப்படி முடிகிறது என்றால், ஸ்க்ரீன் ரீடர். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள். நான் வைத்திருப்பது என்விடிஏ. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்து வளர்த்தது. இருவருக்குமே கண் தெரியாது. இலவசம் என்பதால் தமிழ்நாட்டில் என் வயதுப் பார்வையற்றவர்களில் கம்ப்யூட்டர் தொட்ட பல பேருக்கு அதுதான் வாத்தியார். தமிழும் படிக்கும். மட்டுக்குள் ஆங்கிலத்தை நான் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் புதியவருக்கு ஒரு சொல்கூடப் பிரியாது. ஒருநாள் ஹெட்போன் கழன்று ஸ்பீக்கரில் ஓடியபோது அம்மா கேட்டாள்: “என்னடா அது, கொழம்பு கொதிக்கிற மாதிரி?”

கண்ணுள்ளவருக்கும் எனக்கும் அங்கே சமம் என்று சிலர் எழுதுகிறார்கள். முழுக்கச் சரியில்லை. கண் ஒரு பக்கத்தை மொத்தமாக மேய்ந்து, வேண்டிய எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும். காதுக்கு வரி வரிசையில்தான் வர வேண்டும். ஆறு பேர் சேர்ந்து ஒரு டிராகனை அடிக்கிறோம் என்றால் ஒரு சுற்றுக்குள் பன்னிரண்டு பதினைந்து வரி கொட்டும். யார் யாரை வெட்டினார், யாருடைய வெட்டு தவறியது, டிராகன் எப்படி உறுமியது என்று குரல் பொறுமையாகப் படித்துக்கொண்டிருக்கும். அதற்குள் என் பாத்திரம் செத்திருக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்தினால் குரல் நிற்கும். சண்டை நடக்கும்போது என் இடது சுண்டுவிரல் எப்போதும் அதன் மேல்தான்.

இதற்கு எங்கள் ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சத்தம். நிக் காமன் என்ற ஆஸ்திரேலியப் புரோகிராமர் எழுதிய மஷ்கிளையண்ட்டில், இந்த மாதிரி வரி வந்தால் இதைச் செய் என்று கட்டளை எழுதி வைக்கலாம். என் வெட்டு பட்டால் அந்த வரியைப் படிக்காதே, ‘டங்’ என்று அடி. தவறினால் காற்றைக் கிழிக்கும் ஓசை. உயிர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் இதயத் துடிப்பு. ஒருவர் கிழக்கே போனால் காலடி வலது காதில் கேட்டுத் தேயும். இப்படி நூற்றுக்கணக்கான ஓசைகளைக் கோத்துக் கட்டி, சவுண்ட்பேக் என்று மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைப் போட்ட பிறகு பதினைந்து வரிச் சண்டை எனக்கு ஒரே மூச்சில் கேட்டுவிடும். கண்ணுள்ள சில பேரும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

தீராத தொல்லை ஒன்று உண்டு. எழுத்துக் குறிகளாலேயே வரைபடம் போடும் பழக்கம். வீதிக்குக் கோடு, வீட்டுக்குச் சதுரக் குறி, நீங்கள் நிற்கும் இடத்துக்கு நட்சத்திரம். பார்ப்பவருக்கு அழகாக இருக்கிறதாம். என் காதில் “டேஷ் டேஷ் பார் ஸ்டார் பார் டேஷ் ஹேஷ் ஹேஷ்” என்று அரை நிமிடம் ஓடும். இன்னொரு வகை, எதிரியின் பலத்தை எழுத்தின் நிறத்தால் மட்டும் காட்டுவது. சிவப்பில் பெயர் வந்தால் ஓடிவிட வேண்டும். நான் ஓடாமல் நின்று, ஏன் செத்தேன் என்று தெரியாமல் இரண்டு ராத்திரி யோசித்திருக்கிறேன். நிர்வாகிக்கு எழுதியபோது மறுவாரமே நிறத்தோடு ஒரு சொல்லும் சேர்த்துவிட்டார். சர்வரை நடத்துகிறவர் நம்மோடு சேர்ந்து பன்றி வேட்டைக்கு வருகிறவர் என்பதால் மனுவுக்கு நம்பர் வாங்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், கண்ணைவிட ஆங்கிலம்தான் பெரிய சுவர். பழைய சர்வர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தைத் தட்டினால் அதை விழுங்கிவிடும். ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்றும் வரக்கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதினார்கள். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்த எனக்குக் கல்லூரியில் ‘இன்வாய்ஸ்’ என்றால் என்னவென்று தெரியாது. ‘ஹால்பர்ட்’ என்றால் கோடரி பொருத்திய ஈட்டி என்று தெரியும், ‘போர்ட்கல்லிஸ்’ என்றால் கோட்டை வாசலில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கிராதி என்று தெரியும். நேர்முகத் தேர்வில் இவை உதவவில்லை. ஆனால் ஒரு அறையின் வர்ணனையில் ஐந்தாவது வரியை விட்டுவிட்டால் உயிர் போகும் என்று பழகியவனுக்கு, வினாத்தாளில் பத்தியைப் படித்து விடை எழுதுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

போன ஆண்டு பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதுல கிராபிக்ஸே இல்லையா?” என்றான். போனில் துப்பாக்கி விளையாட்டில் ஊறியவன். உட்காரச் சொல்லி, டிக்கு வகை சர்வர் ஒன்றில் புதுப் பாத்திரம் தொடங்கிக் கொடுத்தேன். கோயிலில் நின்றான். வர்ணனையைத் தொடவே இல்லை. ‘எஸ், எஸ், டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ’ என்று தட்டிக்கொண்டே ஊர்க் கதவைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டான். உள்ளே ராத்திரி. அங்கே கையில் வெளிச்சம் இல்லாமல் இருட்டுக்குள் போனால் வர்ணனை கிடையாது; கும்மிருட்டு என்று மட்டும் வரும். எனக்கும் அதே சட்டம்தான், நானும் விளக்கு வாங்கித்தான் ஆக வேண்டும்.

“சார், ஏதோ கடிக்குது.”

“என்ன கடிக்குதுன்னு படி.”

“யாரோன்னு போட்டிருக்கு சார்.”

அவ்வளவுதான், செத்துவிட்டான். வெளியே இருட்டிவிட்டது என்று நாலு வரிக்கு முன்பே சொன்னது, நீ படிக்கவில்லை என்றேன். நம்பாமல் திரையை மேலே நகர்த்தித் தேடினான். இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மறுபடி கோயிலிலிருந்து கிளம்பினான், இந்தத் தடவை ஒவ்வொரு இடத்திலும் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே. சந்தைக்கு வந்ததும் கேட்டான்:

“சார், இங்க விளக்கு எந்தக் கடைல விக்குறாங்க?”